வளை வாசலா, வேலிப் பொட்டா, கட்டமா: தொண்டர்கள் கமராவை எங்கே கட்டுவது?

விலங்கு அசைந்தால் தானே படம் எடுக்கும் பத்துக் கமராவும் பன்னிரண்டு தொண்டர்களும் இருந்தால், யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதியின் இரவு விலங்குகளைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்லலாம். எதைச் சொல்லலாம் என்பதைக் கமராவின் விலையைவிட அதைக் கட்டும் இடமே தீர்மானிக்கிறது. பெரும்பாலான குழுக்கள் முதலில் கமராவை வாங்கி, பிறகு நல்ல படம் விழும் இடம் தேடி, கடைசியில்தான் கேள்வியை யோசிக்கின்றன. அப்போது கையில் ஆயிரம் படம் இருக்கும், பதில் இருக்காது.

இந்த வேலையில் தொண்டர்கள் நெடுங்காலம் பழகிய விலங்கு பிரித்தானியாவின் வளைக்கரடி (ஆங்கிலத்தில் badger). தலைமுறை தலைமுறையாக ஒரே வளைத்தொகுதியில் கூட்டமாக வாழும். பகலெல்லாம் நிலத்துக்குள் கிடந்து, இருட்டியதும் வெளியே வரும். அதனால் அங்கே தொண்டர் செய்யும் முதல் வேலை வளை வாசலைப் பார்த்துக் கமரா வைப்பது. அதற்கும் கட்டுப்பாடு உண்டு. 1992ஆம் ஆண்டின் வளைக்கரடிப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வளையைக் குலைப்பதும் குடியிருக்கும் விலங்குக்குத் தொந்தரவு கொடுப்பதும் குற்றம். இலங்கையில் வளைக்கரடி இல்லை. எங்கள் பனங்கூடலிலும் தரவை எனும் திறந்த வெளியிலும் தேட வேண்டியவை நரி, மரநாய், கீரி, முயல். வளைக்கரடியிடம் கற்ற முறைகளில் எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது என்று பார்த்தால் முடிவு எடுப்பது எளிது.

வளை வாசலிலிருந்தே தொடங்குவோம். அங்கே மிக நன்றாக வேலை செய்யும் அந்த முறைதான் இங்கே மிக மோசமானது. மரநாய் நிலத்தில் வளை தோண்டி வாழாது. பகலில் மரப்பொந்திலோ பனை வட்டுக்குள்ளோ வீட்டு முகட்டிலோ சுருண்டு கிடக்கும். நரி வளையைப் பாவிப்பது குட்டி போடும் காலத்தில்தான். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமும் புதிய மணமும் பட்டால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். ஒரு நல்ல வீடியோவுக்காக ஒரு குட்டிக் கூட்டத்தை அலைக்கழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. கீரி புற்றிலும் வேர்ப் பொந்திலும் நுழையும், ஆனால் ஒரே வாசலில் நிலைத்து நிற்காது. வளையைத் தற்செயலாகக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகிப் போங்கள். குட்டி உண்டா என்று அறிந்தே ஆக வேண்டுமென்றால், 10 மீற்றருக்கு அப்பால் ஒரு கமராவை ஒரே ஒரு தடவை வைத்து, 3 வாரத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை எடுங்கள். இடையில் போக வேண்டாம். கையை எந்தப் பொந்துக்குள்ளும் விட வேண்டாம். அங்கே புடையன் இருக்கலாம்.

இரண்டாவது தெரிவு வேலிப் பொட்டும் (விலங்கு நுழையும் ஓட்டை) ஒற்றையடிப் பாதையும். ‘இங்கே நரி இன்னும் இருக்கிறதா?’ என்பதுதான் கேள்வி என்றால் இதற்கு மிஞ்சிய இடம் இல்லை. கிடுகு வேலியின் அடியில் நாய் நுழைந்து நுழைந்து வழுவழுப்பான பொட்டு, நாயுண்ணிப் பற்றைக்குள் புகும் தடம், தரவையும் பனங்கூடலும் சந்திக்கும் விளிம்பு, மணற்காட்டுச் சவுக்கங்காட்டின் ஓரமாகப் போகும் மணற்பாதை என்று இரவு விலங்குகள் சோம்பேறித்தனமாக நடக்கும் வழிகள் எல்லாம் இதில் அடங்கும். மணலில் கால் தடம் ஏற்கெனவே தெரிந்தால் இன்னும் நல்லது.

பாதையைக் குறுக்காகப் பார்த்துக் கமரா கட்டுவது பொதுவான பிழை. விலங்கு ஒரு நொடியில் சட்டத்தைக் கடந்துவிடும், மிஞ்சுவது வால் மட்டும். பாதையோடு 45 பாகை சரிவாக, பொட்டிலிருந்து 3 முதல் 4 மீற்றர் தள்ளிக் கட்டினால் விலங்கு கமராவை நோக்கியோ விலகியோ நடக்கும். அப்போது முகமும் உடலும் சேர்ந்து விழும். நரிக்கு உயரம் 40 சென்ரிமீற்றர் போதும். மரநாயும் கீரியும் வேண்டுமென்றால் 25. மனிதக் கண் உயரத்தில் கட்டி, கீழே சாய்த்துவிடுவது சரிப்படாது. உணரியின் பார்வை நிலத்தில் ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கிவிடும்.

எத்தனை இரவு வைக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு கமராவில் ஓர் இரவில் நரி படும் வாய்ப்பு 100இல் 2 என்று வையுங்கள். ஒரு கமராவை 30 இரவு வைத்தால், நரி இருந்தும் ஒன்றுமே விழாமல் போகும் வாய்ப்பு 100இல் 55. பாதிக்கு மேல்! 150 கமரா-இரவு (கமராக்களின் எண்ணிக்கையை இரவுகளால் பெருக்கியது) வைத்தால் அது 5 ஆகக் குறையும். பத்துக் கமராவுக்கு 15 இரவு போதும். நாலு கமராவுக்கு 38 இரவு வேண்டும். ஒரு வாரம் வைத்துவிட்டு ‘நரி அழிந்துவிட்டது’ என்று முகநூலில் எழுதுவது பெரும் பிழை.

பொட்டின் பலவீனம் அதன் பலத்துக்குள்ளேயே இருக்கிறது. விலங்கு வந்தே தீரும் இடமாகப் பார்த்து வைத்ததால், அங்கே விழும் எண்ணிக்கை அந்தப் பகுதிக்குரிய எண்ணிக்கை அல்ல. போன வருடம் 12 தடவை, இந்த வருடம் 25 தடவை என்றால் மரநாய் பெருகியதா, பக்கத்து வேலி அடைபட்டு எல்லாம் இந்தப் பொட்டுக்கு வந்தனவா என்று பிரித்தறிய வழி இல்லை. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்போது இது இன்னும் கூடும். கமராவுக்கு முன்னால் நாலு பழம் விழுந்தால் ஒரே மரநாய் இரவு முழுக்க அங்கேயே நிற்கும். அதனால்தான் 30 நிமிடத்துக்குள் மீண்டும் விழும் அதே இனத்தை ஒரே வருகையாக எண்ணுகிறோம்.

மூன்றாவது தெரிவு கட்டம். வரைபடத்தில் சம இடைவெளிக் கோடுகள் போட்டு, கோடுகள் வெட்டும் புள்ளியில், அது பற்றையோ வெறும் தரவையோ, கமரா வைப்பது. அழகான படம் கிடைக்காது. பல இடங்களில் மாடும் வெள்ளைக் கொக்கும்தான் விழும். ஆனால் ‘எத்தனை இருக்கின்றன?’ ‘கூடுகிறதா, குறைகிறதா?’ என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல இந்த வழிதான் உண்டு.

இங்கேதான் வளைக்கரடி நமக்குக் கைகொடுக்கிறது. புலியைக் கோட்டை வைத்தும் சிறுத்தையைப் புள்ளியை வைத்தும் ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். வளைக்கரடியை அப்படிக் காண்பது மிகக் கடினம், எல்லாவற்றின் முகத்திலும் அதே கறுப்பு வெள்ளைப் பட்டைதான். நரியும் மரநாயும் அப்படித்தான். தனித்தனியாக அடையாளம் காணாமலே அடர்த்தியைக் கணிக்கும் ஒரு முறையை 2008இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தற்செயல் சந்திப்பு முறை என்று சொல்லலாம். அதன் தர்க்கம் எளியது. விலங்கு ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறது, கமரா எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் பார்க்கிறது என்று தெரிந்தால், எத்தனை தடவை இருவரும் தற்செயலாகச் சந்தித்தார்கள் என்பதிலிருந்து எத்தனை விலங்கு இருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம்.

கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்கள். 300 கமரா-நாளில் 24 சந்திப்பு, அதாவது நாளுக்கு 0.08. விலங்கு நாளுக்கு 8 கிலோமீற்றர் நடக்கிறது. கமரா 10 மீற்றர் தூரம், 40 பாகை அகலம் பார்க்கிறது. 40 பாகை என்பது 0.7 ரேடியன். 0.08ஐ 3.14ஆல் பெருக்கி, கிடைப்பதை 8 × 0.01 × 2.7 என்பதால் (0.01 என்பது கிலோமீற்றரில் 10 மீற்றர், 2.7 என்பது 2 + 0.7) வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 1.2 விலங்கு. இப்போது அந்த 10 மீற்றரைப் பாருங்கள். பெட்டியில் 20 மீற்றர் என்று அச்சிட்டிருக்கும். அதை அப்படியே போட்டால் விடை பாதியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் தொண்டர் ஒருவர் தவழ்ந்து போய், கமரா எந்தத் தூரத்தில் விழிக்கிறது என்று அளக்கத்தான் வேண்டும். 2.5, 5, 7.5, 10 மீற்றரில் கல் வைத்து, அளவு கீறிய தடியைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுக் கல்லை எடுத்துவிடுங்கள். பிறகு விலங்கின் படத்தை அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். நடை வேகத்தையும் வேறு நாட்டு அறிக்கையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. அது இரண்டு மடங்கு பிழைத்தால் விடையும் இரண்டு மடங்கு பிழைக்கும்.

கட்டத்துக்குப் பத்து இடம் போதாது. கமராவை நகர்த்தி 40 இடமாவது தொட வேண்டும். 350 மீற்றர் இடைவெளியில் 40 புள்ளி என்றால் ஏறக்குறைய 5 சதுர கிலோமீற்றர். பத்துக் கமரா, 15 இரவுக்கு ஒரு தடவை நகர்த்தல், நாலு சுற்று, மொத்தம் 60 இரவு, 600 கமரா-இரவு. புள்ளி விழுந்த இடத்தில் கட்ட முடியாவிட்டால் 30 மீற்றருக்குள் தள்ளலாம். ஆனால் தள்ளும்போது ‘அந்தா ஒரு தடம் தெரியுது’ என்று தடத்துக்குப் போகக்கூடாது. தடத்தில் சந்திப்பு மூன்று மடங்கு கூடினால் கணக்கில் நரியும் மூன்று மடங்கு கூடிவிடும்.

யாழ்ப்பாணத்தில் கட்டத்துக்கு ஒரு தடை இருக்கிறது, அதை எந்தக் கைந்நூலும் சொல்வதில்லை. வடமராட்சி கிழக்கிலும் நாகர்கோவில், முகமாலைப் பக்கங்களிலும் போர்க்காலக் கண்ணிவெடி நிலங்கள் இருந்தன. வெடி அகற்றி விடுவிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத எந்த நிலத்திலும், வரைபடத்தில் புள்ளி விழுந்தது என்பதற்காக ஒருவரும் கால் வைக்கக் கூடாது. சந்தேகமான கட்டங்களை முதலே வரைபடத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய நிலத்துக்கு மட்டும் கட்டம் போடுங்கள். விடை அந்த நிலத்துக்கு மட்டும் உரியது என்று எழுதிவிட்டால் கணக்கும் சரி, ஆளும் பத்திரம். சுண்டிக்குளம் 2015இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது.

இரை வைப்பது நாலாவது தெரிவு. வளைக்கரடிக்கு நிலக்கடலை வைப்பார்கள். இங்கே கருவாட்டை வைத்தால் ஊர் நாய் எல்லாம் வந்து சண்டை பிடிக்கும். நாயையும் நரியையும் ஒரே இடத்துக்கு இழுப்பது விசர் நாய்க்கடி நோய்க்கு வழி திறப்பது. வேண்டாம்.

நாயைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பாதி வேலை அதுதான். இரவுப் படம் கறுப்பு வெள்ளை. நரியின் பொன்னிறம் தெரியாது. அப்போது வாலைப் பாருங்கள். நரியின் வால் சடைத்து, கீழே தொங்கி, நுனி கறுத்திருக்கும். ஊர் நாயின் வால் மெலிந்து மேலே சுருளும். நரியின் மூக்குப் பக்கம் ஒடுங்கிக் கூராகவும், கால் உடம்புக்கு மெல்லியதாகவும் தெரியும். நாய் கமராவை நேரே பார்த்து நிற்கும் படங்கள் நிறைய விழும். வாலும் முகமும் இரண்டும் தெரியாத படத்தை ‘நாயா நரியா தெரியாது’ என்று தனிப் பெட்டியில் போடுங்கள். ஊகித்து நரி என்று எழுதிய ஒரே படம் முழு அறிக்கையையும் கெடுக்கும். ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே பார்த்து, முரண்பட்டால் மூன்றாமவர் தீர்ப்பது நல்ல முறை. வெற்றுப் படங்களைக் கழிக்க மெகாடிடெக்ரர் என்ற இலவச மென்பொருள் உதவும். விலங்கு, மனிதர், வாகனம் என்று பிரித்துத் தரும். இனத்தைச் சொல்லாது. அது தொண்டரின் வேலை.

கமராவைத் தெரிவு செய்வதில் விலையைவிட வெளிச்சத்தைப் பாருங்கள். 850 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளி தூரம் பாயும், ஆனால் இருட்டில் சிவப்புப் புள்ளியாக மனிதருக்குத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூரம் குறைவு, படமும் கொஞ்சம் மணல் போலச் சொரசொரக்கும். யாழ்ப்பாணத்துக்கு 940தான். பனையடியில் சிவப்பாக எரியும் ஒரு பெட்டியைக் காணும் ஊரவர் முதலில் நினைப்பது விலங்கை அல்ல, அதற்கு எங்களுக்குக் காரணமும் உண்டு. சிம் போட்டு உடனே படம் அனுப்பும் கமரா பற்றரியைத் தின்னும், மாதக் கட்டணமும் உண்டு. எட்டாத இடத்துக்கு ஒன்று போதும்.

பற்றரியில் மலிவு பார்க்க வேண்டாம். கமரா ஒன்றுக்குப் பெரும்பாலும் எட்டு ஏஏ. சாதாரண அல்கலைன் 1.5 வோல்ற்றில் தொடங்கிச் சரிந்துகொண்டே போகும். இரவு வெளிச்சம் மங்கி, படம் இருளும், ஆனால் கமரா ஓடிக்கொண்டே இருக்கும். அது மோசமான தோல்வி, ஏனென்றால் தரவு கிடைத்தது போலத் தோன்றும். மீள ஏற்றும் நிக்கல் பற்றரி 1.2 வோல்ற்றில் நின்று கடைசி வரை சீராகக் கொடுக்கும். சில கமராக்கள் அதைப் பார்த்து முதல் நாளே பற்றரி குறைவு என்று காட்டும், அமைப்பில் வகையை மாற்றினால் சரி. பத்துக் கமராவுக்கு 80, மாற்றுக்கு 80. எட்டுக் குழி உள்ள இரண்டு சார்ஜர் இருந்தால் 80ஐ ஏற்ற ஐந்து தடவை, தடவைக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் 25 மணி நேரம். ஒவ்வொரு எட்டையும் எண் குறித்து ஒன்றாகவே வையுங்கள். ஒரு பலவீனமான பற்றரி மற்ற ஏழையும் இழுத்துவிடும். மெமரி காட் 32 ஜிபி, கமரா ஒன்றுக்கு இரண்டு. மூன்று படம் தொடர்ச்சியாக எடுக்கும்படி வையுங்கள், வீடியோ பற்றரியை விரைவாக முடிக்கும்.

காலத்தையும் தெரிவு செய்ய வேண்டும். மாசியிலிருந்து சித்திரை வரை மிகச் சரியான பருவம்: மழை இல்லை, காற்று அடங்கியிருக்கும். வைகாசி பிற்பகுதி தொடங்கித் தென்மேற்குக் காற்றான சோழகம் வீச ஆரம்பித்தால் வடலி ஓலை ஆடி ஆடி ஒரே நாளில் இரண்டாயிரம் வெற்றுப் படம் எடுக்கும். உணரிக்குத் தெரிவது சூட்டு வேறுபாடும் அசைவும்தான், வெயிலில் காய்ந்த ஓலை ஆடினால் அதற்கு விலங்கும் ஓலையும் ஒன்று. முன்னால் 6 மீற்றருக்குப் புல்லையும் தாழ்ந்த ஓலையையும் வெட்டி, கமராவை வடக்கு நோக்கிக் கட்டுங்கள். கிழக்கும் மேற்கும் நோக்கினால் காலையும் மாலையும் சூரியன் நேரே விழும். நண்பகலில் எதிர்ப் பிரச்சினை. மணல் விலங்கின் உடம்புச் சூட்டை எட்டிவிடுவதால் கமரா விழிக்காமலே விட்டுவிடும். கீரி பகலில் திரிவது. அதனால் கீரியின் எண்ணிக்கையை இரவில் திரியும் மரநாயோடு ஒப்பிடக் கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, தரவை நீரில் நிற்கும், கமராவை வீட்டில் வையுங்கள்.

பழுதுகளில் முதலிடம் கடிகாரத்துக்கு. பற்றரி மாற்றும்போது திகதி பழைய வருடத்துக்குத் திரும்பிவிடும், காலையும் மாலையும் புரளும். ஒவ்வொரு தடவையும் கைபேசியின் நேரத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, இடத்தின் எண் எழுதிய தாளோடு ஒரு படம் எடுத்துவிட்டால், பிழைத்தாலும் பின்னால் திருத்தலாம். உப்புக் காற்றில் பற்றரித் தொடுமுனை பச்சை பூக்கும், மாதம் ஒருமுறை துடையுங்கள், றப்பர் வளையத்தில் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள், சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். எறும்பு உள்ளே குடியேறும். சிலந்தி வலை கட்டினால் இரவுப் படம் முழுக்க வெள்ளை. மரத் தடியைக் கறையான் அரிக்கும், மாடு உரஞ்சிச் சாய்க்கும், அதனால் இரும்புக் குழாயே நல்லது. பனையில் கட்டுவதானால் சீவல் தொழிலாளர் ஏறும் மரத்தை விட்டுவிடுங்கள். கமராவின் பின்பக்கம் கை வைக்குமுன் தடியால் தட்டுங்கள். சுருட்டை விரியன் காவோலைக் குப்பைக்குள் கிடக்கும்.

மனிதர் விடயம் கமரா விடயத்தைவிடப் பெரியது. காணிச் சொந்தக்காரரின் சம்மதம், கிராம அலுவலருக்கு ஒரு கடிதம், காவல் நிலையத்துக்கு இடங்களின் பட்டியல், இவை மூன்றும் முதல் கமரா கட்டுமுன் முடிய வேண்டும். ஒவ்வொரு கமராவிலும் தமிழிலும் சிங்களத்திலும் ‘விலங்கு கண்காணிப்பு’ என்று எழுதித் தொலைபேசி எண் ஒட்டுங்கள். கிணற்றடி, குளிக்கும் இடம், பெண்கள் விறகுக்குப் போகும் ஒழுங்கை ஆகியவற்றை நோக்கி எந்தக் கமராவும் திரும்பக் கூடாது. மனிதர் விழுந்த படத்தை அன்றே அழிப்பது என்று முன்கூட்டியே எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். நரி இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் சொல்ல வேண்டாம். நரிக்கொம்பு அதிர்ட்டம் தரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த நம்பிக்கைக்கு நரிதான் உயிரைக் கொடுக்கிறது.

இனித் தெரிவு. முதல் வருடம் பத்துக் கமராவையும் பொட்டிலும் தடத்திலும் வையுங்கள், 15 இரவு. இருக்கிறதா என்பது தெரிந்துவிடும், தொண்டர்களும் கடிகாரம், பற்றரி, அடையாளம் ஆகியவற்றில் கை பழகுவார்கள். நரி விழுந்தால் மட்டும் அடுத்த மாசியில் 40 புள்ளிக் கட்டத்துக்குப் போங்கள், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே புள்ளி, அதே உயரம், அதே மாதம். இரண்டு வகைத் தரவையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம். கையில் நாலு கமராதான் என்றால் கட்டத்தை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு பனங்கூடலை எடுத்து, நாலு பொட்டில் 38 இரவு வைத்து, எந்த இனம் எந்த மணிக்கு வருகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.